அயர்லாந்துக் குதிரைப் பந்தயம்: லாயத்து வேலையும் வீட்டு உறவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரைப் பந்தயம் பல நாடுகளில் நடக்கிறது. இங்கே ஏன் அயர்லாந்தைப் பற்றி மட்டும் பேசப்படுகிறது?

கிண்டியையும் ஊட்டியையும் கேள்விப்பட்ட நமக்குப் பந்தயம் புதிதல்ல. ஆனால் தந்தை பயிற்சியாளர், மகன் ஜாக்கி, மகள் அலுவலகப் பொறுப்பாளர், சித்தப்பா குதிரைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளின் உரிமையாளர் என்று ஒரே வீட்டுக்குள் ஒரு தொழில் முழுவதும் அடங்கியிருப்பதைத் தெளிவாகக் காட்டும் நாடு அயர்லாந்துதான் என்பது என் எண்ணம். கில்டேர், கார்லோ, கில்கென்னி, டிப்பரேரி ஆகிய மாவட்டங்களில் இதை ஊருக்கு ஊர் காணலாம். இரண்டு இடங்களில் மட்டும், தேவை கருதி, பக்கத்திலிருக்கும் இங்கிலாந்துக்கும் போய்வருகிறோம்.

திரைக்குப் பின்னால் வேலை செய்பவர்கள் யார் யார்?

பார்வையாளருக்குத் தெரிவது ஜாக்கியும் அவர் அணிந்திருக்கும் வண்ணச் சட்டையும்தான். அந்தக் குதிரை அன்று மைதானத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னால், அதற்குத் தீனி வைத்தவர், சாணம் அள்ளியவர், காலையில் ஏறிச் சவாரி செய்தவர், லாடம் அடித்தவர், காலைத் தடவிப் பார்த்த மருத்துவர், பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த அலுவலகத்தார், லாரி ஓட்டியவர் என்று பத்துப் பேராவது அதைத் தொட்டிருப்பார்கள். ஜாக்கிக்கும் தனியே ஆட்கள் உண்டு. அவருக்கு எந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரை கிடைக்கும் என்று தொலைபேசியிலேயே நாளைக் கழிக்கும் முகவர் ஒருவர். சேணத்தைத் துடைத்து, எடைக்கட்டிகளைச் சரிபார்த்து, அடுத்த பந்தயத்துக்கான சட்டையை எடுத்து வைக்கும் உதவியாளர் இன்னொருவர்.

லாயத்துக்குள் ஒரு படிநிலை இருக்கிறது. உரிமம் பயிற்சியாளர் பெயரில் இருக்கும். அவருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர். அந்த இடத்தில் பெரும்பாலும் மகனோ மகளோ இருப்பார். அதற்கடுத்து ‘ஹெட் லாட்’ எனப்படும் தலைமைப் பணியாளர் வருகிறார். குதிரைகளோடு ஊர் ஊராகப் போகும் தலைமைப் பணியாளர் தனி. மற்றவர்கள் ஆளுக்கு மூன்று, நான்கு குதிரைகளைக் கவனிக்கும் பராமரிப்பாளர்கள். கிண்டியில் ‘சைஸ்’ என்று அழைக்கப்படுபவரின் வேலைதான் இது. ஆனால் அயர்லாந்தில் அவரே காலையில் குதிரை மீது ஏறிச் சவாரியும் செய்வது வழக்கம்.

லாயத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது?

விடியும் முன்பே தலைமைப் பணியாளர் தீனியோடு சுற்றி வருகிறார். குதிரைகளுக்குத் தீனி வைப்பது இந்தச் சுற்றின் பாதி நோக்கமே. முந்தின இரவு வைத்ததில் எந்தத் தொட்டியில் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதே மற்றப் பாதி, அதுவே முக்கியமான பாதியும்கூட. நன்றாகத் தின்னும் குதிரை ஒருநாள் தீனியைப் பாதியில் விட்டிருந்தால், அதற்கு வாய் வலியோ, வயிற்று வலியோ, காய்ச்சலின் தொடக்கமோ, அல்லது நேற்றைய ஓட்டம் அதிகமாகிவிட்டதோ என்ற விசாரணை அந்தத் தொட்டியின் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. மருத்துவரை அழைப்பதா, அன்றைய ஓட்டத்தை நிறுத்துவதா என்று பயிற்சியாளர் எடுக்கும் முடிவு இந்த மனிதரின் கண்ணையே நம்பியிருக்கிறது.

பிறகு பராமரிப்பாளர்கள் வருகிறார்கள். சாணத்தையும் நனைந்த வைக்கோலையும் அள்ளி, புதிய படுக்கை பரப்பி, தண்ணீர் மாற்றி, குதிரையைத் தேய்த்துவிட்டுச் சேணம் கட்டுகிறார்கள். சேணம் கட்டும் முன் நான்கு கால்களையும் கையால் நீவிப் பார்ப்பது கட்டாயம். முன்னங்காலின் பின்புறத்தில் ஓடும் தசைநாணில் இலேசான சூடு தெரிந்தாலும் அந்தக் குதிரை அன்று ஓடாது. அந்தச் சூட்டைக் கவனியாமல் ஓட்டினால் ஒரு வருடம் போகும், சில வேளை குதிரையின் பந்தய வாழ்வே போகும். எல்லாக் குதிரைகளையும் ஒரே நேரத்தில் ஓட்ட ஆள் இருக்காது என்பதால், ‘லாட்’ எனப்படும் அணி அணியாகப் பிரித்து, முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று மேட்டு ஓடுபாதைக்கு அழைத்துச் செல்கிறார்கள். ஒரு சவாரிக்காரர் ஒரே காலையில் மூன்று, நான்கு குதிரைகளின் முதுகில் ஏறி இறங்குவார். மழை என்பது அயர்லாந்தில் விடுப்புக்குக் காரணமாகாது.

மதியம் குதிரைகளுக்கு ஓய்வு. மாலையில் மீண்டும் தேய்ப்பும் தீனியும். பயிற்சியாளர் ஒவ்வொரு கொட்டடியாக வந்து, அதே கால்களைத் தம் கையாலும் நீவிப் பார்ப்பார். பந்தய நாளென்றால் இந்த ஒழுங்கு முழுவதும் கலைந்துவிடும். அன்றாட இரும்பு லாடத்தைக் கழற்றி இலேசான அலுமினிய லாடம் அடிக்க வேண்டும். குதிரையின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். மைதானத்தில் அதன் கழுத்துக்குள் இருக்கும் மைக்ரோசிப்பைப் படித்து, வந்திருப்பது அதே குதிரைதானா என்று சரிபார்ப்பார்கள். பிடரிமயிரைப் பின்னி, பார்வை வளையத்தில் பிடித்து நடத்தி, பந்தயம் முடிந்ததும் குளிப்பாட்டி, ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அழைத்துப்போய், இரவில் லாரியில் திரும்பி வந்த பிறகும் அடுத்த விடியல் அதே நேரத்துக்குத்தான் வரும். பரிசுத் தொகையில் ஒரு பங்கு லாயத்துப் பணியாளர்களுக்கு என்று ஒதுக்கப்படுவது உண்மை; ஆனால் அந்தப் பங்கை நம்பி யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை.

இந்தத் தொழில் ஏன் இவ்வளவு குடும்பத் தொழிலாக இருக்கிறது?

இரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லாயமும் வீடும் ஒரே நிலத்தில் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. இரவு இரண்டு மணிக்கு ஒரு குதிரை வயிற்று வலியால் சுவரை உதைத்தால், அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில் படுத்திருப்பவர்தான் எழுந்து போக வேண்டும். அப்படி எழுந்து போகிறவரின் பின்னாலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு போகும் குழந்தை, பத்து வயதுக்குள் கற்றுக்கொள்வதை வெளியிலிருந்து வருபவர் இருபது வயதில்தான் தொடங்குகிறார். குட்டைக் குதிரைப் பந்தயம், நரிவேட்டைச் சவாரி, பிறகு ‘பாயின்ட் டு பாயின்ட்’ எனப்படும் ஊர்ப்புறத் தடைதாண்டும் பந்தயம் என்ற படிகளில் அந்தக் குழந்தை ஏறும்போது, ஒவ்வொரு படியிலும் ஏறுவதற்குக் குதிரை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது.

அடுத்தது நிலமும் நம்பிக்கையும். கொட்டடிகள், மேட்டு ஓடுபாதை, மேய்ச்சல் புல்வெளி ஆகியவற்றைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து உருவாக்கிவிட முடியாது. குதிரையின் சொந்தக்காரர்கள் மாதந்தோறும் கொடுக்கும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் லாயம் ஓடுகிறது. அவர்களோ தெரிந்த பெயரைத் தேடித்தான் வருவார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது, சம்பளப் பட்டியலில் வராத உழைப்பு. கட்டணம் தாமதமாக வரும் மாதத்திலும் வீட்டார் வேலையை நிறுத்துவதில்லை. மனைவி கணக்கு எழுதி, சொந்தக்காரர்களுக்குத் தேநீர் கொடுத்து, ஆள் வராத நாளில் தானே குதிரை ஏறியதால் நிலைத்த லாயங்கள் அந்நாட்டில் ஏராளம். வெற்றி பெற்றவர் பட்டியலில் ஒரு பெயர்தான் அச்சாகும்.

கில்கென்னி மாவட்டத்தில் கோர்ஸ்பிரிட்ஜ் அருகே டோனிங்கா என்ற இடத்தில் லாயம் வைத்திருந்த பேடி மல்லின்ஸ் குடும்பத்தைப் பார்த்தால் இது விளங்கும். பேடியும் மனைவி மவ்ரீனும் வளர்த்த ஐந்து பிள்ளைகளில் வில்லி, டோனி, டாம் ஆகிய மூவரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். ஜார்ஜ் குதிரைப் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினார். அடுத்த தலைமுறையில், லிவர்பூல் அருகே ஏன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2016-இல் ரூல் தி வேர்ல்டு குதிரையில் ஏறி வென்றவர் டாமின் மகன் டேவிட். 2022-இல் வென்ற நோபிள் யேட்ஸின் பயிற்சியாளர் ஜார்ஜின் மகன் எம்மெட். 2025-இல் நிக் ராக்கெட்டில் வென்றவர், தொழில்முறை ஜாக்கி அல்லாத, வில்லியின் மகன் பேட்ரிக். அந்தக் குதிரைக்குப் பயிற்சியளித்தவர் வில்லியேதான். தம்முடைய குதிரைகளே முதல் மூன்று இடங்களையும் பிடித்த அந்தப் பிற்பகலில், எத்தனையோ பெரிய பந்தயங்களை வென்று பழகிய அவர் கேமராவின் முன்னால் பேச முடியாமல் கண் கலங்கி நின்றார்.

உரிமத்தில் பெயர் இருப்பவர்தான் உண்மையில் வேலையைச் செய்தவரா?

எப்போதும் அல்ல. இங்கிலாந்தில் 1966 வரை பெண்களுக்குப் பயிற்சியாளர் உரிமமே கிடையாது. பெண் பயிற்சியளிப்பதற்குத் தடையில்லை, அவர் பெயரை எழுதுவதற்குத்தான் தடை. ஆகவே தலைமைப் பணியாளரின் பெயரிலோ வேறோர் ஆணின் பெயரிலோ உரிமம் வாங்கிக்கொண்டு, பெண்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்து செய்துவந்தார்கள்.

நோரா வில்மட் தந்தையின் லாயத்தில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து, அவருக்குப் பின் லாயத்தைத் தாமே நடத்தியவர். ஹெலன் ஜான்சன் ஹவுட்டன் கணவரை இழந்த பின் லாயத்தை ஏற்று நடத்தியவர். 1956-ஆம் ஆண்டு ‘2000 கினீஸ்’ என்ற பெரும் பந்தயத்தை கில் டெ ரெட்ஸ் என்ற குதிரை வென்றபோது, அதை வெல்ல வைத்தவர் ஹெலன் என்பது ஊருக்கே தெரிந்திருந்தும், ஏட்டில் ஓர் ஆணின் பெயர்தான் பதிவானது. ஃபுளோரன்ஸ் நேகிள் என்பவர் பல முறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டபின், பந்தயத்தை ஆண்ட ஜாக்கி கிளப்பின் மீதே வழக்குத் தொடுத்தார். 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டதும், கிளப் விட்டுக்கொடுத்து உரிமம் வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரைட்டன் மைதானத்தில் வென்றதன் மூலம், வெற்றிக் குதிரையின் பயிற்சியாளர் என்று தம் பெயரே அச்சாகக் கண்ட முதல் பெண்ணானார் நோரா வில்மட். அப்போது அவர் முதுமையை எட்டியிருந்தார். ஹெலனின் மகனும் பயிற்சியாளரானார். பேத்தி ஈவ் 2018-இல் ராயல் ஆஸ்காட்டின் குயீன் ஆன் ஸ்டேக்ஸை வென்றபோது பெயரை ஒளிக்கும் தேவை யாருக்கும் இருக்கவில்லை.

அயர்லாந்துக்குத் திரும்பினால், இன்று உலகின் மிகப் பெரிய பயிற்சியாளர்களுள் ஒருவராக அறியப்படும் எய்டன் ஓப்ரையனின் தொடக்கம் மனைவியின் லாயத்தில்தான். கில்கென்னியில் ஓவ்னிங் என்ற குன்றின் மீது ஜோ கிரவுலி நடத்திய லாயத்தை அவருடைய மகள் ஆன்-மேரி ஏற்று நடத்தி, 1992–93 பருவத்தில் தடைதாண்டும் பந்தயங்களின் முதன்மைப் பயிற்சியாளர் பட்டத்தை வென்றார். எய்டன் அப்போது அவருடைய குதிரைகளில் சவாரி செய்தவர். உரிமம் எய்டன் பெயருக்கு மாறியது பிறகுதான். ஆன்-மேரியின் சகோதரி பிரான்சிஸ் தனியாக உரிமம் பெற்று, 2005-இல் சாயர்ஷே என்ற குதிரையைக் கொண்டு ஐரிஷ் 1000 கினீஸை வென்றதையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் மாறி எழுதப்படுவது பெண்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2016 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்டனம் மைதானத்தில் டிரையம்ஃப் ஹர்டில் என்ற தடைதாண்டும் பந்தயத்தை வென்ற இவானோவிச் கோர்பதோவ், ஏட்டின்படி எய்டனின் குதிரை. அதை ஓவ்னிங்கில் வைத்து அன்றாடம் கவனித்தவர் மகன் ஜோசப். அவருக்கு உரிமம் கிடைத்தது சில மாதங்கள் கழித்தே.

பயிற்சியாளரின் பிள்ளை என்றால் நல்ல குதிரைகள் தாமாகவே கிடைத்துவிடுமா?

கொட்டடிக் கதவு திறக்கும். அதற்கு மேல் குதிரையின் சொந்தக்காரர் விட வேண்டும். பேடி மல்லின்ஸ் பயிற்சியளித்த டான் ரன் என்ற பெட்டைக்குதிரையின் வரலாறு இதற்குச் சரியான சான்று. அதன் சொந்தக்காரர் சார்மியன் ஹில், அறுபது வயதைத் தாண்டிய பிறகும் தாமே அதில் ஏறிப் பந்தயத்தில் வென்ற துணிச்சல்காரர். தொடக்கத்திலிருந்து அந்தக் குதிரையில் ஏறிப் பழகிய பேடியின் மகன் டோனியை விடுத்து, பெரிய பந்தயங்களுக்கு ஜான்ஜோ ஓநீல்தான் வேண்டும் என்று அவர் நின்றார். 1984-இல் தாழ்ந்த தடைகளைத் தாண்டும் சாம்பியன் ஹர்டில், 1986-இல் உயர்ந்த தடைகளைத் தாண்டும் செல்டனம் கோல்ட் கப் ஆகிய இரண்டையும் ஜான்ஜோதான் வென்றார். இவ்விரண்டையும் வென்ற குதிரை அதற்குப் பின்னும் வேறில்லை. கோல்ட் கப் வென்ற அன்று, கூட்டத்தில் நின்ற டோனியைத் தேடிப்பிடித்துத் தம் தோளில் தூக்கிக்கொண்டார் ஜான்ஜோ. அந்தத் தோளின் மேல் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். தந்தையாகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்த பேடிக்கு, சொந்தக்காரரின் சொல்லை மீறினால் குதிரையே வேறு லாயத்துக்குப் போய்விடக்கூடும் என்ற கணக்கும் இருந்திருக்கும்.

உடலும் குறுக்கே வரும். எய்டனின் மகன் ஜோசப் 2012-இல் கேமலாட்டில் ஏறி எப்சம் டெர்பியை வென்றார். தந்தை பயிற்சியாளராகவும் மகன் ஜாக்கியாகவும் அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை. 2014-இல் ஆஸ்திரேலியா என்ற குதிரையிலும் வென்றார். ஆனால் ஆறடியை நெருங்கும் உயரம் கொண்டவருக்கு, தடைகள் இல்லாத சமதளப் பந்தயத்துக்கான எடையில் நிற்பது அன்றாடப் பட்டினி. 2016-இல் சவாரியை விட்டு, தாய்வழித் தாத்தாவின் ஓவ்னிங் லாயத்தில் பயிற்சியாளரானார். தம்பி டொனக்கா இரண்டு முறை அயர்லாந்தின் முதன்மை ஜாக்கியாகி, பிறகு அவரும் அதே வழியில் பயிற்சிக்கு வந்தார்.

தந்தையும் மகனும் எதிரெதிராக நின்றால் என்ன ஆகும்?

விதிப்படி ஒவ்வொரு உரிமமும் தனி. ஒரு குதிரைக்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்து ஓட்டுவது குற்றம். நடந்ததைச் சொன்னால், 2017 மெல்பர்ன் கோப்பையில் ஜோசப்பின் ரீகிண்ட்லிங் முதலாவதாகவும், தந்தை எய்டனின் யொஹானஸ் வெர்மீர் இரண்டாவதாகவும் வந்தன. மூன்றாவதாக வந்தது வில்லி மல்லின்ஸின் குதிரை. ஜோசப்புக்கு அப்போது வயது 24. 2020-இல் அதே கோப்பையில் டுவைலைட் பேமென்ட் என்ற குதிரையைக் கொண்டு மீண்டும் தந்தையின் குதிரையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. டிப்பரேரியிலுள்ள பேலிடாயில் லாயத்தை உருவாக்கியவர் எய்டன் அல்லர், அவருக்கு உறவினரல்லாத வின்சென்ட் ஓப்ரையன் என்பவர். பெயர் ஒற்றுமையால் பலரும் குழம்புகிறார்கள். 1953 முதல் தொடர்ந்து மூன்று கிராண்ட் நேஷனல்களையும், 1970-இல் நிஜின்ஸ்கியைக் கொண்டு இங்கிலாந்தின் மும்மகுடத்தையும் (ஒரே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்கள்) வென்ற மேதை அவர். 1984 டெர்பியில் அவருடைய எல் கிரான் செனோர் வென்றுவிடும் என்று எல்லோரும் நம்பியிருக்க, இறுதி அடிகளில் தலையளவுக்கும் குறைவான வித்தியாசத்தில் அதை முந்தியது சீக்ரெட்டோ. அதன் பயிற்சியாளர், 27 வயதான டேவிட் ஓப்ரையன், வின்சென்ட்டின் மகன்.

பயிற்சியாளர், ஜாக்கி தவிர வீட்டாருக்கு வேறு என்ன வேலைகள்?

போக்குவரத்துக்கு ஜார்ஜ் மல்லின்ஸை மேலே பார்த்தோம். ரூபி வால்ஷ் என்ற பெரும் ஜாக்கிக்கு முகவராக இருந்தவர் அவருடைய அக்கா ஜெனிபர். தம்பிக்கு எந்தக் குதிரை கிடைக்கும் என்பதற்காக எல்லாப் பயிற்சியாளர்களுடனும் இனிமையாகவும் கறாராகவும் பேச வேண்டிய வேலை அது. தந்தை டெட் வால்ஷ் பயிற்சியளித்த பேப்பிலானில் ஏறித்தான் ரூபி 2000-ஆம் ஆண்டு கிராண்ட் நேஷனலை வென்றார். பயிற்சியாளர் ஜெசிக்கா ஹாரிங்டனின் கில்டேர் லாயத்தில் அவருடைய மகள்கள் எம்மாவும் கேட்டும் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டு நடத்துகிறார்கள்.

திருமண உறவு இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது?

நிறைய. வின்சென்ட் ஓப்ரையனின் மருமகனான ஜான் மேக்னியர்தான் கூல்மோர் பொலிகுதிரைப் பண்ணையை உலக அளவுக்கு வளர்த்தவர். பயிற்சியாளர் ஜிம் போல்ஜர் 2008-இல் நியூ அப்ரோச்சைக் கொண்டு எப்சம் டெர்பியை வென்றபோது, அதில் ஏறியிருந்த கெவின் மேனிங் அவருடைய மருமகன். 1975-இல் லெஸ்கார்கோவில் கிராண்ட் நேஷனலை வென்ற டாமி கார்பரிக்கு, அந்தக் குதிரையின் பயிற்சியாளர் டேன் மூர் மாமனார். அதன் பிறகு 24 ஆண்டுகள் அயர்லாந்துக்கு அந்தப் பந்தயம் கைகூடவில்லை. 1999-இல் பாபிஜோ அதை மீட்டபோது, பயிற்சியாளர் அதே டாமி, ஜாக்கி அவர் மகன் பால். மாமனாரிடம் பெற்றதை மகனுக்குக் கொடுத்த கணக்கு நேராகவே வந்துவிட்டது.

உறவு எதுவும் இல்லாதவர் உள்ளே வர முடியுமா?

முடியும், வந்திருக்கிறார்கள். பயிற்சியாளர் கோர்டன் எலியட்டின் தந்தை கார்களின் தகடு தட்டிச் சரிசெய்யும் தொழிலாளி. அயர்லாந்தில் ஒரு பந்தயம்கூட வெல்லும் முன்பே, 2007-இல் சில்வர் பிர்ச்சைக் கொண்டு கிராண்ட் நேஷனலை வென்றார் எலியட். 2021-இல் அதே பந்தயத்தை வென்ற முதல் பெண் ஜாக்கி ரேச்சல் பிளாக்மோர், பால்பண்ணைக்காரருக்கும் ஆசிரியைக்கும் பிறந்தவர். ஜானி முர்ட்டா குத்துச்சண்டை பழகிய சிறுவனாக, கில்டேரில் 1973-இல் தொடங்கப்பட்ட ‘ரேஸ்’ என்ற பயிற்சிக் கல்விக்கூடத்துக்கு வந்து, முதன்மை ஜாக்கியாகவும் பின்னர் பயிற்சியாளராகவும் உயர்ந்தார். பிறந்த வீடு இல்லாதவர்களுக்குப் புகுந்த வீடாக அமைந்த லாயங்களும் உண்டு. கூல்கல்லனிலுள்ள ஜிம் போல்ஜரின் லாயத்தில் எய்டன் ஓப்ரையனும், பிறகு பெரும் ஜாக்கியான ஏ. பி. மெக்காயும் வேலை கற்றார்கள்.

உள்ளூரில் சவாரிக்கு ஆள் போதாமையால், பிரேசில், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து அனுபவமுள்ளவர்களும் அயர்லாந்து லாயங்களுக்கு வருகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: வெளியாளுக்குக் குறைவாக இருப்பது திறமையல்ல, தோல்வியைத் தாங்கும் கால அவகாசம்தான். பயிற்சியாளரின் மகன் இரண்டு வருடம் வெல்லாவிட்டாலும் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கலாம்.

வீட்டில் பேசும் செய்தியை வைத்துப் பந்தயம் கட்டலாமா?

ஜாக்கிகள் பந்தயம் கட்டக் கூடாது. தங்கள் லாயத்துக் குதிரை தோற்கும் என்று பணம் வைப்பது லாயத்தாருக்குத் தடை. பிறர் அறியாத செய்தியைக் காசுக்கு விற்பதும் குற்றம். ஆனால் காலையில் ஒரு குதிரை இருமியது என்பது உணவு மேசையில் சொல்லப்படாமல் இருக்காது. அதனால்தான் இந்த வீடுகளில் பிள்ளைகள் சவாரிக்கு முன்பே வாயைக் கட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆபத்து நேர்ந்தால்?

லிமரிக் மாவட்டத்து மெக்னமாரா குடும்பத்தில், ஜான் தாமஸ் மெக்னமாரா 2013 மார்ச்சில் செல்டனமில் பந்தயத்தின்போது குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்து, 2016-இல் காலமானார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ராபி 2015-இல் வெக்ஸ்போர்டு மைதானத்தில் விழுந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். அதன் பிறகு ராபி சக்கர நாற்காலியிலிருந்தபடியே பயிற்சியாளர் உரிமம் பெற்றுக் குதிரைகளைத் தயார் செய்தார். இத்தகைய வேளையில் குடும்பத்தில் பிறர் லாயத்தை நடத்தத் தெரிந்தவர்களாக இருப்பது எவ்வளவு பெரிய துணை என்பதற்கும், அதே குடும்பம் எவ்வளவு இழக்க நேர்கிறது என்பதற்கும் இந்த ஒரு வீடே போதும்.

லாயம் அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கைமாறுகிறது? பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால்?

பேடி மல்லின்ஸ் 84 வயதில், 2003-இல், ஐரிஷ் ஓக்ஸ் பந்தயத்தை வென்றுவிட்டு, 2005-இல் ஓய்வு பெற்றபோது டோனிங்கா டாமின் கைக்கு வந்தது. பயிற்சியாளர் ஹென்றி டி பிராம்ஹெட் தந்தையிடமிருந்து லாயத்தை 2000-இல் ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்தில் 2020 முதல் இருவர் பெயரில் கூட்டு உரிமம் அனுமதிக்கப்பட்டது. அங்குள்ள பயிற்சியாளர் ஜான் கோஸ்டன் 2021-இல் மகன் தாடியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். உதவியாளரின் உழைப்பு ஏட்டில் ஏறுவதற்கு இது நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன். நோரா வில்மட்டின் காலத்தில் இது இருந்திருந்தால் அவர் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

விருப்பமில்லை என்று சொன்னவர்களும் உண்டு. 1984-இல் தந்தையின் குதிரையை முந்திய டேவிட் ஓப்ரையன் அதற்கு முன்பே, 1982-இல், அசர்ட்டைக் கொண்டு பிரெஞ்சு டெர்பியையும் ஐரிஷ் டெர்பியையும் வென்றிருந்தார். இன்னும் முப்பது வருடம் வெல்லலாம் என்ற நிலையில், 1988-இல் உரிமத்தை விட்டுவிட்டார். பின்னர் பிரான்சின் தென்பகுதியிலுள்ள புரோவான்ஸில் திராட்சைத் தோட்டம் ஒன்றை வாங்கி, ஒயின் தயாரிக்கப் போனார்.